இறுக்கிய சங்கிலி

துறைமுகத்துப் போர்க்கப்பல்களுக்கெல்லாம் தலைவி, பேரரசி என்ற பெரிய கப்பல். அவற்றை இழுத்து நிறுத்தும் கரிபடிந்த படகு கட்டையன். எதிர்த் தீவுக்குப் போன எண்ணெயை எல்லாம் பேரரசியின் கூட்டம் மறித்து வைத்திருந்தது.

“தாயே, தீவுக்காரன் அடுப்பை அணைச்சுட்டோம். அவன் சும்மா இருப்பானா? உங்களை ஒருத்தரை விட்டு ஒருத்தர் தள்ளித் தள்ளி நிறுத்திடறேன்” என்றான் கட்டையன்.

பேரரசி சிரித்தாள். “பட்டினி கிடக்கிறவனா கடல் தாண்டி வருவான்? எனக்குப் பயமே உன் கூலிப் படகுக் கூட்டத்து மேலதான்டா. இருட்டுல எவனாவது வந்து ஓட்டை போட்டுட்டா? எங்களை ஒட்ட நிறுத்திச் சங்கிலி போடு. காவலுக்கு ஒருத்தன் போதும்.”

கட்டையன் சங்கிலியை இறுக்கினான்.

விடிந்ததும் தீவின் விமானங்கள் வந்தன. முதல் கப்பலில் பிடித்த தீ அடுத்தடுத்த கப்பலுக்குத் தாவியது. கப்பல்களைப் பிரிக்கக் கட்டையன் மூச்சுமுட்ட இழுத்தான். அவன் கயிறுதான் அறுந்தது, சங்கிலி அறுபடவில்லை.

“காட்டிக் கொடுத்தது உங்கள்ல எவன்டா?” என்று கேட்டபடியே பேரரசி மூழ்கினாள்.

பிறகு புதுக் கப்பல்கள் வந்தன. கூலிப் படகுகளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கட்டையனிடம் முதல் உத்தரவு போட்டன:

“தண்ணிக்குள்ள கிடக்கிற அந்தச் சங்கிலியை எடுத்துட்டு வா.”