பச்சைக் காசு

நாணயக் கண்காட்சியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளரிடம் காசைக் காட்ட நானும் என் நண்பன் இன்னாசியும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரு செப்புக்காசை நீட்டினார். மதிப்பீட்டாளர் அதைத் தொடவில்லை.

"புளி போட்டு விளக்கிட்டீங்க. மேல இருந்த பச்சைக் களிம்புதாங்க இதோட வயசு. இப்போ இது வெறும் செம்பு."

காசை நீட்டியவர் யாரையும் பார்க்காமல் நகர்ந்து போனார்.

"இப்படியும் ஆளுங்க," என்று இன்னாசி என் காதருகே சிரித்தான். கிணறு தூர்வாரியபோது கிடைத்த செப்புக்காசைப் பதினோரு வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருப்பவன். வீட்டில் விருந்தாளிகள் நடமாட்டம் என்று நேற்று அதை என்னிடம் கொடுத்து வைத்தான். நாலு பேர் பார்க்கப்போகிற காசு, பளிச்சென்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். காலையில் அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். என் விரல்களில் இன்னும் புளி வாசம் இருந்தது.

"இன்னாசி, இன்னொரு நாள் வரலாம்டா."

"பதினோரு வருசம்டா. இன்னும் என்ன இன்னொரு நாள்?"

என்னைப் பார்த்துக்கொண்டே அவன் துணியின் கடைசி மடிப்பை விலக்கினான். ஜன்னல் வெயில் காசில் பட்டு, அவன் தாடையில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது.