மோருக்குக் காவல் இருந்த பனிச்சட்டை

தீயணைப்பு வண்டியில் ஒரு தடித்த கோட்டு இருந்தது. ஒரு தீப்பொறியைக்கூட உள்ளே விட்டதில்லை என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை. அதே வண்டியின் ஐஸ் பெட்டியில், பனிக்கட்டி வைத்துத் தைத்த சட்டை ஒன்று கிடந்தது. அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை. மோர் பாக்கெட்டுகளைத்தான் அதில் சுற்றிவைப்பார்கள்.

"மோருக்குக் காவலாடா நீ?" என்று கோட்டு கேலி செய்யும்.

அன்று பஞ்சுக் கிடங்கில் தீ அணைந்ததும், கோட்டுக்குள் இருந்த வீரர் தணிகைவேல் தள்ளாடி வண்டிச் சக்கரத்தோரம் சாய்ந்தார். கோட்டு பதறிப்போய் அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "பயப்படாதீங்க, எதையும் உள்ளே விடமாட்டேன்!"

பெட்டிக்குள்ளிருந்து பனிச்சட்டை கத்தியது: "தீ எப்பவோ அணைஞ்சாச்சுண்ணே! இப்ப உடம்புச் சூட்டை வெளியே விடாம அவரை வேகவைக்கிறது நீங்கதான். விடுங்க!"

கோட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோர் எடுக்கப் பெட்டியைத் திறந்த டிரைவர், பனிச்சட்டையோடு ஓடிவந்தார். அவர் கை பட்டதுமே கோட்டு பொத்தான்களை மளமளவென்று விட்டுக்கொடுத்தது. பனிச்சட்டை தணிகைவேலின் மார்பில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "அந்த மோரை இப்படிக் கொடுப்பா" என்றார்.

தரையில் கிடந்த கோட்டு பெருமூச்சு விட்டது.

"தம்பி, அவர் நெஞ்சு என்கிட்ட இவ்வளவு நிதானமா அடிச்சதே இல்லடா."