மிளகி திரும்பிய மறுநாள்

வேலுமணி வாசலில் நின்று காலிச் சாக்கை உதறினான். அந்தச் சத்தம் கேட்டதும் மகாதேவியின் மடியில் கிடந்த பூனை அலறிக்கொண்டு துள்ளியது.

அவள் தொடையில் நகங்கள் இறங்கின. என்னவென்று பார்ப்பதற்குள் மிளகி அடுப்புமேடையில் தாவி, அலமாரியில் தாவி, பரணின் மூலைக்குள் போய் ஒடுங்கிவிட்டது. அங்கிருந்து மூத்திரம் சொட்டியது.

மகாதேவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாக்கைக் கண்டு மிளகியா பயப்படுகிறது?

சாக்கு என்றால் உயிரை விடும் பூனை அது. பூண்டு தரம் பிரிக்க உட்கார்ந்தால் போதும், கிடைத்த சாக்குக்குள் தலையைக் கொடுத்து உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு சாக்கையும் தட்டிப் பார்த்துத்தான் மூட்டை கட்டவேண்டும்.

கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாது. குழாயில் சொட்டுவதைத்தான் நக்கும்.

வேலுமணியின் கம்பளிக் குல்லாவை எங்கே கண்டாலும் அதன்மேல் மூத்திரம் அடித்துவிடும். அவன் ஒருநாளும் ஏசியதில்லை. பேசாமல் துவைத்துப் போடுவான். பூம்பாறை மலைக் குளிரில் அது காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். அதுவரை துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான்.

இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் பெருமைப்பட்டுக்கொள்வாள். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் கீழ்வீட்டு இருளாயி.

அந்த மிளகிதான் பதினேழு நாளாகக் காணாமல் போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஒரு காது கிழிந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக வந்து நின்றது. மகாதேவி அதை வாரி எடுத்தது முதல் கீழே விடவில்லை.

சிரித்துக்கொண்டே அவள் வேலுமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் பரணைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. உதறிய சாக்கை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததைப் பிரித்தான். மறுபடி மடித்தான்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

பூனை காணாமல் போன அன்று அவளோடு அடுக்கடுக்கான தோட்டங்களில் இறங்கி, மிளகி மிளகி என்று தொண்டை கட்டக் கூப்பிட்டவன் அவன். வேலப்பர் கோயிலில் சூடம் கொளுத்தியவன். அவள் சாப்பிடாமல் கிடந்தபோது சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தவன்.



காணாமல் போவதற்கு முந்திய வாரம்தான் மிளகி இருளாயியின் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கியிருந்தது. கையில் சிக்கினால் காலை முறித்துவிடுவேன் என்று இருளாயி சொல்லியிருந்தாள். ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் பூனையைக் காணோம் என்றதும் மகாதேவிக்கு அந்தப் பேச்சு மட்டும்தான் ஞாபகம் வந்தது.

தண்ணீர்க் குழாயடியில் ஊரே நிற்க, இருளாயியைக் கொலைகாரி என்றாள். மண்ணை வாரித் தூற்றினாள். இருபது வருசம் ஒரே வரிசையில் குனிந்து பூண்டு நட்டவளை, உன் குடும்பம் விளங்காது என்றாள்.

இருளாயி பதில் பேசவில்லை. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பேசாமல் போனதையே மகாதேவி சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே இருளாயியின் மகள் ரம்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. மகாதேவி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கீழே ஸ்பீக்கரில் பாட்டு ஓட ஓட, மகாதேவி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

குழாயடியிலும் சரி, வளைகாப்பு அன்றும் சரி, வேலுமணி பக்கத்தில்தான் இருந்தான்.

மிளகியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனது அவனா என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அவன் சாக்கைக் கீழே வைத்தான். மன்னவனூர் பாதையில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டதாகச் சொன்னான். கொல்ல மனசு வரவில்லை என்றும் சொன்னான், ஏதோ அவளுக்கு நல்லது செய்ததுபோல.

“அன்னைக்கே சொல்லிரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ இருளாயி பேரச் சொல்லிட்ட.”

மகாதேவி எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள். தொடையில் கசிந்த ரத்தம் சேலையில் ஒட்டிக்கொண்டு நடையை இழுத்தது.

இருளாயி பூண்டுப் பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று மகாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். பூனை திரும்பி வந்ததை, அது பரணில் ஏறியதை, அவன் ஒப்புக்கொண்டதை. காலில் விழுவதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

இருளாயி நிமிரவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

தனக்குத் தெரியும் என்றாள். பூனை காணாமல் போன அன்று வெள்ளனே வாசல் தெளிக்க வந்தபோது வேலுமணி வண்டியைக் கிளப்பாமல் உருட்டிக்கொண்டு போவதையும், பின்னால் கட்டியிருந்த சாக்கு அசைவதையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள்.

குழாயடியில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவும் கேட்டுக்கொண்டு எதற்காக வாயை மூடிக்கொண்டு போனாள் என்று மகாதேவி கேட்டாள்.

இருளாயி பிடுங்கிய களையை உதறி வரப்பில் போட்டாள்.

“எங்கிட்டப் பேசாம நீ இருந்துக்கிருவ தாயி. அவருகிட்டப் பேசாம எப்பிடி இருப்ப?”

மேலே வாசலில் நின்று வேலுமணி மகாதேவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாம் தடவையும் கூப்பிட்டான்.

மகாதேவி பாத்தியில் இறங்கி, இருளாயிக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தாள்.