சிங்க் பக்கத்து பாயிண்ட்

கீழே லாரிக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார்.

"இன்னும் மேலே என்னதான் பண்றே?"

மனைவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். இரண்டு மணிக்கு டூட்டி. அதற்குள் புது வீட்டில் சாமானை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, டெப்போவில் போய் நிற்க வேண்டும். யூனிபார்ம் எந்த மூட்டைக்குள் போனது என்று வேறு தெரியவில்லை.

வீடு துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. சமையலறையில் மட்டும் டொக் டொக்கென்று சத்தம்.

எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிங்குக்கு மேலே இருந்த பிளக் பாயிண்ட்டைக் காணோம். அந்த இடத்தில் சுவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெயினை அணைத்துவிட்டு ஒரு எலக்ட்ரீசியன் உளியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள் மனைவி.

"உனக்கென்ன பைத்தியமா? காலி பண்ணிட்டுப் போற வீட்ல யாராவது மராமத்து பார்ப்பாங்களா?"

"அரை மணி நேரம்ங்க. முடிஞ்சுடும்."

"லாரிக்காரர் கத்துறார்!"

"ஒரு டீ வாங்கிக் கொடுங்க. கத்த மாட்டார்."

கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமாக இந்த பாயிண்ட்டால் பட்டது போதாதா? குழாய்க்கும் அதற்கும் ஒரு முழம்கூட இடைவெளி கிடையாது. பாத்திரம் கழுவினால் தெறிக்கிற தண்ணீர் நேரே அதில்தான் விழும். மிக்ஸியைச் சொருகப் போய் இரண்டு தடவை அவளைச் சுரீரென்று இழுத்துவிட்டது. இரண்டாவது தடவை முழங்கை வரை மரத்துப்போய், அன்று முழுக்க அவளால் கையைத் தூக்கவே முடியவில்லை. அதிலிருந்து மிக்ஸி ஹால் தரையில்தான் ஓடியது.

நாலு தடவை ஹவுஸ் ஓனரிடம் போய்ச் சொல்லியாயிற்று.

"எல்லா வீட்லயும் அப்படித்தான் இருக்கு. நீங்கதான் பாத்துப் பொழங்கணும்" என்றார்.

நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றதற்கு, "என் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. இஷ்டமில்லைன்னா காலி பண்ணிக்குங்க" என்றார்.

இப்போது மகள் குடிவருகிறாள் என்று அவரே காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த மனுஷன் வீட்டுக்குப் போய் இவள் ஆள் வைத்து வேலை பார்க்கிறாளே!

"விட்டுத் தொலையேம்மா. இனிமே அது அவங்க பாடு."

"கை வலிக்குது, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று டார்ச்சை அவர் கையில் திணித்தாள்.

அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க வந்து நின்றார் ஹவுஸ் ஓனர்.

"யாரது சுவத்தை இடிக்கிறது? ஓஹோ... போறப்ப சாக்கெட்டையும் கழட்டிட்டுப் போறீங்களா? அடுத்து என்ன, ஜன்னலா, கதவா?"

டார்ச்சும் கையுமாக நின்ற கண்டக்டருக்குக் கன்னம் வைக்கும்போது பிடிபட்ட திருடன் மாதிரி இருந்தது. வாய் குழறியது.

"அது வந்து சார்..."

"கழட்டலைங்க, இடம் மாத்தறோம்" என்றாள் அவள். "அந்தக் கோடியில பாருங்க."

மேடையின் மறுகோடியில், குழாய்த் தண்ணீர் எட்டாத தூரத்தில், புதுப் பெட்டி பதிந்திருந்தது.

"உங்க பேத்தி வர்றான்னு சொன்னீங்களே. மூணு வயசுன்னா ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயில விளையாடற வயசு. இதுல அடி வாங்கினவ நான். தெரிஞ்சே அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை. கேட்டா நீங்க விட மாட்டீங்க. இனிமே காலி பண்ணச் சொல்லி மிரட்டவும் உங்களால முடியாதே, அதான் சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேன்."

கண்டக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டூட்டி, லாரி எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோனது.

ஹவுஸ் ஓனரின் முகம் இளகியது. வாய்விட்டுச் சிரித்தார்.

"அடடா, இதுக்காம்மா இவ்வளவு பாடு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நாளைக்குக் காலைல என் ஆளே வர்றான். தண்ணி படற இடத்துல பாயிண்ட் இருந்தா உயிருக்கே ஆபத்து, என் பொண்ணு வர்றதுக்குள்ள முதல் வேலையா இதை மாத்துடான்னு போன வாரமே சொல்லிட்டேன்."

உளிச் சத்தம் நின்றது.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தபோதுதான், ஹவுஸ் ஓனரின் சிரிப்பும் நின்றது.