கடைசி ஆட்டத்து வெயில்

அடித்தான். அடித்துவிட்டுப் பிரதீஸ் அந்த இடத்திலேயே நின்றான், மட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு.

இது பேஸ்போல். பந்து மட்டையில் பட்டால் ஓடித்தான் ஆகவேண்டும், இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடியிருந்தால் சமநிலை, ஆட்டம் உயிரோடு இருந்திருக்கும். வென்றால் எங்கள் போர்கோ வெக்கியோ அணி பிளே-ஓஃப் என்கிற அடுத்த சுற்றுக்குப் போகும். தோற்றால் இந்த வருடம் அவ்வளவுதான்.

பந்தைத் தடுத்தவன் ஒருதரம் கையிலிருந்து நழுவவும் விட்டான். குனிந்து தேடி எடுத்தான். அப்போதும் பிரதீஸ் நின்றுகொண்டுதான் இருந்தான். ஆறுதலாக, அவசரமே இல்லாமல், அவன் ஓடிச் சேரவேண்டிய முதல் பேஸுக்கு எறிந்தார்கள். அவுட். முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரையிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் இந்தக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். வாரத்தில் எனக்கு ஓய்வென்று கிடைப்பது அந்த ஒரு பின்னேரம். தோல்விமேல் தோல்வி. ஆட்டக்காரர்களின் பெண்டாட்டிமார்கூட வருவதை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு விசரோ என்று என் மனைவி ஞானாம்பிகை கேட்டாள். பொறு, வெல்லுவார்கள் என்றேன். ஆவணியில் வெல்லத் தொடங்கினார்கள். யார் சொன்னது சரி?

பயிற்சியாளன் லொரென்சோவின் தாயார் வீட்டில்தான் எனக்கு வேலை. அந்த மனுசனை நான் விட்டபாடில்லை. என் மைத்துனன் ஒருவன் இருக்கிறான், கிரிக்கெட்டில் மதிலுக்கு வெளியே அடிக்கிறவன், ஒருதரம் இறக்கிப் பார் என்று லொரென்சோவின் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போதும் சொன்னேன், குப்பையைக் கொண்டுபோகும்போதும் சொன்னேன். இலங்கை உலகக் கிண்ணம் வென்ற வருடம் இது. அந்தப் பயிற்சியாளனுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது.

என் மைத்துனன் பிரதீசை எடுத்து மட்டைப் பையைத் தூக்க வைத்தான். பை தூக்கத் தமிழன் வேண்டும், அடிக்க வேண்டாம். இன்றைக்கு இரண்டு பேர் காயப்பட்டு, வேறு ஆளில்லை என்ற பிறகுதான் இறக்கினான்.

இறக்கினால் இது நடக்கிறது.

ஓடத் தெரியாதவனா அவன்? ஊரில் என்னோடு சோடியாக நின்று ஆடியவன். எந்தப் பந்துக்கு ஓடுவது, எதற்கு நிற்பது என்று நான் பழக்கிய பிள்ளை. இன்றைக்கும் அவனுக்காக நான் கத்திய கத்தலில் தொண்டை இன்னும் எரிகிறது. அத்தனை பேருக்குள் தமிழ்க் குரல் என்னுடையது மட்டும்தான்.

லொரென்சோ தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். பிரதீசின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தான். ஏன் ஓடவில்லை என்று கேள், உன் மொழியில் கேள் என்றான். பிரதீசுக்கு இத்தாலியன் வராது. மாசியில் வந்தவன், மொண்டெல்லோ கடற்கரையில் குடை நடுகிறான். வெயில், குடை, தண்ணீர், அந்த அளவுதான் தெரியும்.

மற்ற ஆட்டக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இனி இவனுக்குப் பையும் கிடையாது என்றான் ஒருவன். எனக்கும் கோபம் அடங்கவில்லை. கேட்டேன், நன்றாகவே கேட்டேன்.

"ஏன்ரா நிண்டனி? கால் இல்லையோ உனக்கு?"

பிரதீஸ் என்னைப் பார்த்தான். மட்டையை இன்னும் விடவில்லை.

"அத்தான், 'வேண்டாம், நில்லு' எண்டு நீங்கள்தானே கத்தினியள்."

பந்து நேரே ஆளிடம் போகிறது. அதற்கு எவனாவது ஓடுவானா? கிரிக்கெட்டில் நின்றால் அடுத்த பந்து இருக்கிறது. நான் சொன்னதில் என்ன பிழை?

என்ன சொல்கிறான் என்று லொரென்சோ கேட்டான். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெயில் கண்ணில் அடித்ததாம், பந்து போன பக்கம் தெரியவில்லையாம் என்று இத்தாலியனில் சொன்னேன்.

வெயிலுக்கான சொல் பிரதீசுக்குத் தெரியும்.