முதல் தடவை போகிறவருக்கு

அண்ணன் வீட்டு சோபாவில் விரித்திருந்த படுக்கையை மடித்து வைத்தேன். பல் தேய்த்தேன். காபி குடித்தேன். ஹெல்மெட், டார்ச் விற்கிற கடை திறந்ததும் போனேன்.

“பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள போகணும். என்னென்ன வேணும்?”

கடைக்காரர் சிரித்தார். “புதுசா? இப்ப எல்லாருக்கும் இந்தக் கிறுக்குதான். ஹெல்மெட், மாஸ்க், நெத்தியில மாட்டுற டார்ச். ஷூவுக்கு அடி கெட்டியா இருக்கணும், இல்லேன்னா ஆணி ஏறிடும். எந்தக் கட்டடம் தம்பி?”

“விரிசல் விட்டுதுன்னு காலி பண்ணாங்களே, பூங்காவுக்குப் பக்கத்துல. நாளைக்கு இடிக்கிறாங்க.”

அவர் மேசைமேல் எடுத்து வைத்த ஹெல்மெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “அது மட்டும் வேணாம். எல்லாரும் வெளிய வந்தப்புறம் ஒரு பொண்ணு திரும்ப உள்ள போச்சு. கூரை விழுந்து செத்துடுச்சு. அப்படி என்னத்த எடுக்கப் போச்சோ!”

“என் மூக்குக் கண்ணாடிய.”

அவர் ஹெல்மெட்டை என் தலையில் வைத்து, பட்டையை அவரே இறுக்கினார்.

“உள்ள என்ன எடுக்கணும்?”

“அவளோடது ஏதாவது ஒண்ணு.”

“எது எங்க இருக்குன்னு தெரியுமா?”

தெரியாது. அன்று வாசலில் அவள் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்.

“நீங்க தேடினா விடிஞ்சுடும். நில்லுங்க, நானே எடுத்துட்டு வரேன்.”