வாசிக்கத் தெரிந்தவள்

வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஓர் ஆண்குரல் வேதம் வாசித்துக்கொண்டிருந்தது.

போதகர் வந்திருக்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போது அந்தக் குரல் இருமியது. அந்த இருமல் அவள் புருஷனுடையது.

கல்யாணத்தன்று சபைப் படி இறங்கியதோடு சரி. பொன்னையா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அவருக்காக அவள் இருந்த உபவாச ஜெபத்துக்குக் கணக்கில்லை. விளக்கு வைக்கும் நேரமானால் வேதத்தைத் திறந்து சத்தமாக வாசிப்பாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். உப்பு மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு அதற்கும் வழியில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த மனுஷன் வாசிக்கிறார்.

ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் இன்னொரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அடுத்த வரிய நான் வாசிக்கேன். தப்புன்னா சொல்லுங்க."

தங்கபுஷ்பம்.

பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அவளைச் சபைக்குக் கூட்டிவந்ததே இவள்தான். தன் பழைய வேதாகமத்தைக் கொடுத்ததும் இவள்தான். எழுத்து சொல்லிக்கொடுத்ததுகூட இவள்தான். என்ன, அவள் ஒரு சொல்லில் தட்டுத் தடுமாறி நிற்கும்போது இவளுக்குப் பொறுமை போய்விடும். புத்தகத்தைப் பிடுங்கித் தானே வாசித்து முடித்துவிடுவாள். ஜெபக் கூட்டத்தில் வாசிக்க எல்லாரும் கூப்பிடுவது இவளைத்தானே.

வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

கதவிடுக்கில் பார்த்தாள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் தரையில் இருந்து எட்டி, வரியில் விரல் வைத்திருந்தாள்.

"தி... மிர்... வா..."

"திமிர்வாதக்காரன்" என்றார் அவர். "கை கால் வராதவன். அவனத்தான் நாலு பேரு கூரையப் பிரிச்சு, கட்டிலோட கீழ எறக்குதானுவ. லேசுப்பட்ட வேலையில்ல தாயி. நாலு பேரும் கயித்த ஒண்ணுபோல விடணும். ஒருத்தன் அவசரப்பட்டாலும் படுத்திருக்கவன் சரிஞ்சிருவான்."

அந்தக் கூரைமேல் தானும் ஏறி நிற்கிறவரைப் போலப் பேசினார். இவளிடம் இத்தனை வார்த்தை பேசி எவ்வளவோ காலமாகிறது.

அவர் வேதம் வாசிக்க வேண்டும் என்றுதான் ஜெபித்திருந்தாள். யாரோடு என்று ஆண்டவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

கதவைத் தள்ளினாள்.

அவர் புத்தகத்தைச் சட்டென்று தங்கபுஷ்பத்தின் மடியில் போட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரல. அதான்."

"குடு" என்று வாங்கிக்கொண்டாள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். எங்கும் திக்காமல், ஏற்ற இறக்கத்தோடு, தங்கபுஷ்பம் ஜென்மத்துக்கும் வாசிக்க முடியாத மாதிரி வாசித்தாள். தங்கபுஷ்பம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னையா மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினார். வலியில் பல்லைக் கடித்தார். சுவர் பக்கம் திரும்பிவிட்டார்.

இவ்வளவு வலியோடும் திரும்பத்தான் வேண்டியிருந்தது அவருக்கு.

அவள் குரல் நின்றது.

அடுத்த சொல் கண்ணுக்கு நேரே இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"இங்க பாருங்க" என்றாள். அந்தச் சொல்லில் விரலை வைத்தாள். "இது என்னன்னு தெரியல."

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எக்கா, இது எனக்கே தெரியுமே! ப... டுக்... கை. படுக்கை!"

தங்கபுஷ்பத்தின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது.

கட்டில் கிறீச்சிட்டது. பொன்னையா திரும்பிக்கொண்டிருந்தார். முதலில் தலை. பிறகு தோள். கடைசியில் அந்தக் கனத்த கால்.

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்ன யாரு தாயி கேட்டா?" என்றார் தங்கபுஷ்பத்திடம். "அவ எங்கிட்டல்லா கேட்டா."

கையை நீட்டினார்.

அவள் புத்தகத்தைக் கொடுத்தாள். விரலை மட்டும் அந்தச் சொல்லிலிருந்து எடுக்கவில்லை.